பாலத்தில் உட்காரும் நேரம்

சாக்குத் துண்டு அவன் வாயில் இருந்தது. அதைக் கட்டியிருந்த கயிறு என் கையிலிருந்த மூங்கில் கம்பில் முடிந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கிச் சில நாள்கள் ஆகியிருக்கும். சாயங்காலம் என்று பெயர்தானே தவிர, கரிசல் மண்ணில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

"ஏலே சாட்ட, போதும்லே. விட்டுரு" என்றேன்.

விட்டான். விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய், முன்னங்கால்களைத் தாழ்த்தி, என் மணிக்கட்டைப் பார்த்தபடி நின்றான். மற்ற நாய்கள் முகத்தைப் பார்க்கும். சாட்டை மணிக்கட்டைத்தான் பார்ப்பான். கம்பு எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது முதலில் அங்கேதான் தெரியும் என்று கண்டுவைத்திருந்தான்.

கம்பைக் கீழே போட்டேன். சாக்கைக் கவ்வி வந்து என் பாதத்தின் மேல் வைத்தான். முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுற்றி வந்து கையைப் பார்த்தான். நாக்கு ஒரு பக்கமாகச் சாண் நீளம் தொங்கியது. விலா துருத்திபோல அடித்துக்கொண்டது. கண்ணில் மட்டும் களைப்பே இல்லை.

சரி, கடைசியாக ஒரு தடவை என்று கம்பைச் சுழற்றினேன். அந்தச் சுற்றில்தான் விழுந்தான். முதலில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. எழப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தான். சாய்ந்த பிறகும் சாக்கு கிடந்த பக்கம் கழுத்தை நீட்டினான்.

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் குடத்தோடு ஓடிவந்தாள். ஈரச் சாக்கில் வைத்துத் தூக்கி, ஆட்டோவில் போட்டு, சிவகாசியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இளம் பெண். வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பேசினார்.

"விளையாடட்டும்மா. விளையாடாம இதால இருக்க முடியாது. ஆனா நிறுத்தணும். அதுவா நிறுத்தாது, இந்த ஜாதி அப்படி. இதுவரைக்கும் யாரு நிறுத்துனது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப அவுகளையே நிறுத்தச் சொல்லுங்க."

"அவுக சூரத்துல இருக்காக" என்றேன்.

தேதி போடாத தேதிக்காரி

நான் எழுதும் இந்தத் தொடரில் ஏன் தேதியே இல்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பது என் வேலை. தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போக வேண்டும். ஒரு முகூர்த்த நாள் மாறிப்போனால் எத்தனை கல்யாணம் மாறிப்போகும் தெரியுமா என்று முதலாளி பயமுறுத்துவார்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டாக வேண்டும். அதனால் ஊரெல்லாம் சித்திரையில் இருக்கும்போது நான் அடுத்த மார்கழியில் இருப்பேன். வெளியே புழுக்கம் தாங்காது. என் மேஜையில் வைகுண்ட ஏகாதசி நடந்துகொண்டிருக்கும்.

இருபது வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். இங்கே சொல்கிற எல்லாவற்றுக்கும் தேதி அதில் இருக்கிறது. ஆனால் தேதியைப் போட்டதும் அந்த நாள் கிழித்துப் போட்ட தாளாகிவிடுகிறது. சிலவற்றைக் கிழிக்க இன்னும் மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

விற்காத நாய்

என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் மருந்துப் பிரிவு ஃபோர்மேன். வெடிமருந்து கலக்கிற வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். விடியலில் போகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். மீதிப் பகல் முழுக்க அவருடையது. அதை என்ன செய்வதென்று தெரியாமல்தான் நாய் வளர்க்க ஆசைப்பட்டார்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் வேலுச்சாமி அண்ணாச்சி என்று ஒருவர். கன்னி நாய் வளர்ப்பவர். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே காப்பிப்பொடி நிறத்தில் இரண்டு பொட்டு, ஓடுவதற்கென்றே பிறந்த கால்கள். அவர் வீட்டில் அந்த நாயை விற்கிற வழக்கம் இல்லை. மனசுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுப்பார். வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு நிபந்தனை.

"வச்சுக்க முடியலன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்றணும். வேற கைக்குப் போகக் கூடாது. போச்சுன்னு கேள்விப்பட்டேன், வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன்."

குட்டிக்குச் சாட்டை என்று பெயர் வைத்தது என் கணவர். சாட்டை என்பது கையில் பிடித்து எரிக்கிற, கயிறு போல மெலிந்து நீண்ட மத்தாப்பு. பற்றிவிட்டால் முனைவரை எரிந்துதான் தீரும். நடுவில் ஊதி அணைக்க முடியாது. பெயர் வைக்கும்போது இதையெல்லாம் அவர் யோசித்திருக்க மாட்டார். ஒல்லியாக இருக்கிறான் என்று வைத்தார்.

சங்கு

எங்கள் வீடு நாரணாபுரம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் காலி மனை. அடுப்படிக் கதவைத் திறந்தால் நேரே மனைக்குள் இறங்கலாம். மனையின் மறுபக்கம் ரோடு. ரோட்டோர ஓடையின் மேல் நாங்களே போட்ட சின்னச் சிமெண்டுப் பாலம் ஒன்று உண்டு.

சாயங்காலம் பக்கத்து யூனிட்டில் வேலை முடிகிற நேரத்து ஆலைச் சங்கு ஊதும். எங்கள் பக்கத்தில் எல்லாம் சங்குதான். காலைச் சங்குக்கு உலை வைப்பார்கள். மத்தியானச் சங்குக்குத் தொட்டிலை ஆட்டிவிடுவார்கள். கடிகாரம் ஓடாத வீடு உண்டு, சங்கு கேட்காத வீடு கிடையாது. சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் என் பஸ் வரும். திருத்தங்கலில் ஏறி, சிவகாசியில் மாறி, பாலத்துக்கு எதிரே இறங்குவேன்.

இறங்கும்போது இரண்டு பேரும் பாலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் சாட்டை. ஒரே திசையைப் பார்த்த இரண்டு முகம். சாட்டை எழுந்து வந்து என் பையை முகர்வான். இவர் எழ மாட்டார். நான் பக்கத்தில் வந்ததும் கையை மட்டும் நீட்டிப் பையை வாங்குவார். பைக்குள் காலி டிபன் பாக்ஸில் ஸ்பூன் உருளும். அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

"இன்னைக்குச் சத்தத்தையே காணோம். சோத்த மிச்சம் வச்சுட்டியா?"

"புளிச்சுப் போச்சு."

"நெசமா? இல்ல புரூஃப்ப பாத்துக்கிட்டே மறந்துட்டியா?"

மறந்துதான் இருப்பேன்.

டீக்கடையில் நாயைப் பற்றி அவர் பெருமை பேசுவார் என்று கேள்வி. "என் நாயி டூட்டி பாக்குதுப்பா. எம்புட்டு வெறியா ஓடிக்கிட்டிருந்தாலும் சரி, சங்கு ஊதுனா சாக்கக் கீழ போட்டுட்டு வந்துரும்." ஊரே அதை நம்பியது. நானும் நம்பினேன். விளையாட்டு முடிவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அது முடிகிற நேரத்தில் நான் பஸ்ஸில் இருப்பேன்.

பிறகு அந்த வருஷம் வந்தது. கோர்ட், தடை, மருந்து, உத்தரவு என்று பேச்சு. யூனிட்டுகள் எல்லாம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சங்கு நின்றது. காலையில் வேலையாட்களை ஏற்றிப் போகிற வேன்கள் மரத்தடிகளில் இலை மூடி நின்றன. சரவெடி பின்னுவதில் சண்முகத்தாயின் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. அவள் வாசலில் உட்கார்ந்து சும்மா தென்னை ஓலையைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சூரத்தில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று என் கணவர் கிளம்பினார். ஒரு சீசன்தான் என்றார். சாட்டையிடமும் அதையே சொன்னார்.

கருவாடும் புத்தகமும்

அவர் போன பிறகு, பிரஸ்ஸில் கேட்டுக்கொண்டு அதிகாலையிலேயே போய் மத்தியானம் திரும்பினேன். சாயங்காலம் நாயோடு யாராவது இருக்க வேண்டுமே. கம்பு என் கைக்கு வந்தது.

விளையாட்டுத் தொடங்குவதில் ஒரு சிக்கலும் இல்லை. முடிப்பதில்தான் எல்லாம். அவன் விழுந்து பிழைத்த பிறகு, முதலில் விளையாட்டையே நிறுத்திப் பார்த்தேன். சோற்றுப் பக்கம் வரவில்லை. வேப்பமரத்துப் பட்டையை உரித்தான். தன் வாலையே துரத்திக் கடித்தான். முடிவில் நானே கம்பை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எதற்கும் புத்தகம் தேடுகிற பழக்கம் எனக்கு உண்டு. நாய் வளர்ப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முடிவுக்கென்று ஒரு சொல் வை, அதைச் சொன்ன பிறகு ஒருபோதும் தொடராதே என்றது ஒன்று. ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை என்றது இன்னொன்று. வாயில் இருப்பதற்குப் பதிலாகத் தின்ன ஏதாவது கொடு, தரையில் தூவி முகர்ந்து தேடவிடு, மனம் தணியும் என்றது மற்றொன்று. எல்லாம் நல்ல யோசனைகள்தான். வேறு நாய்களுக்குப் பலித்தும் இருக்கும்.

கருவாட்டைத் துண்டு துண்டாக்கிப் புல்லில் தூவினேன். சாட்டை ஒரு சுற்றில் அத்தனையையும் விழுங்கிவிட்டு, புதுத் தெம்போடு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, பந்தி போட்டு ஓட விடுறீகளே, அவன் எப்படி நிறுத்துவான்?" என்றாள் சண்முகத்தாய். "அந்தக் கருவாட்ட இங்கிட்டுத் தூவியிருந்தா நானாச்சும் படுத்துத் தூங்கியிருப்பேன்."

சூரத்துக்கு போன் போட்டேன்.

"நீங்க எப்படித்தான் நிறுத்துவீக? சொல்லித் தாங்க."

"நான் எங்க நிறுத்துனேன்? சங்கு ஊதும். அவன் சாக்கப் போட்ருவான். ரெண்டு பேரும் பாலத்துக்குப் போயிருவோம்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். சங்குதான் புள்ள, நான் ஒண்ணுமே செய்யல."

"அங்க உங்களுக்குச் சங்கு உண்டா?"

"இல்ல. பெல் அடிக்கான். அடிச்சாலும் யாரும் எந்திரிக்க மாட்டேங்கான். நானும் ஓவர்டைம் பாத்துட்டுக் கிடக்கேன். ரூமுக்குப் போயி என்ன செய்ய?"

பொய்ச் சங்கு

அவருடைய போனில் பழைய வீடியோ ஒன்று இருந்தது. சாட்டை ஓடுவதை எடுத்தது. அதன் கடைசியில் சங்குச் சத்தம் முழுதாகப் பதிவாகியிருந்தது. அனுப்பச் சொன்னேன். சண்முகத்தாய் வீட்டிலிருந்து ஸ்பீக்கரை வாங்கி வேப்பமரத்துக் கிளையில் கட்டினேன்.

விளையாட்டு உச்சத்தில் இருந்தபோது அதை முழுச் சத்தத்தில் போட்டேன்.

சாட்டை நின்றான். சாக்கைப் போட்டான். தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

இதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. காரணம், அதற்குள் தெருவே வெளியில் வந்துவிட்டது. ஒருத்தி கையில் மாவோடு வந்தாள். ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொண்டே ஓடிவந்தாள். "தொறந்துட்டாகளா? கம்பெனி தொறந்துட்டாகளா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா ரோட்டில் நின்று வேன் வருகிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஸ்பீக்கரைச் சண்முகத்தாய்தான் அணைத்தாள்.

"தொறக்கல. அக்கா நாய்க்கு ஊதுனாக. எல்லாரும் போங்க, போயி அடுப்பப் பாருங்க."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் போன பிறகு சண்முகத்தாய் பாலத்தில் உட்கார்ந்து சேலையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும் ஸ்பீக்கருன்னு. நாந்தான எடுத்துக் கொடுத்தேன்? தெரிஞ்சும் என் காலு செருப்பத் தேடுதுக்கா."

அண்ணாச்சியின் கயிறு

நாய் விழுந்த செய்தி ஏழாயிரம்பண்ணை வரைக்கும் போயிருந்தது. வேலுச்சாமி அண்ணாச்சி போனில் வந்தார்.

"வீட்டுல ஆம்பள இல்ல, நாயி உங்க கைக்கு அடங்கலன்னு சொல்லுதாக. தப்பா நெனைக்காதீக தாயி. ஆடி பிறக்குறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

"அவுக வரட்டும் அண்ணாச்சி. வந்து பேசிக்கிடலாம்."

"அவுக எப்ப வருவாக?"

எனக்குத் தெரியாது. அடுத்த வருஷத்து அமாவாசைகளை எல்லாம் சொல்வேன். இதைச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சி சொன்னதில் பிழை இல்லை. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் எங்கள் வீட்டில் என் கணவர் விட்டுப் போனவற்றில், இன்னும் அவர் வழக்கப்படி நடந்துகொண்டிருந்தது இந்த நாய் ஒன்றுதான். அவருடைய சட்டைகள் பீரோவில் நாப்தலின் வாசனைக்கு மாறிவிட்டன. அவருடைய டம்ளரில் நான் குடிக்க ஆரம்பித்திருந்தேன். சாட்டை மட்டும் சாயங்காலம் ஆனால் அவர் விளையாடிய இடத்தில், அவர் கட்டிய சாக்கைத்தான் கேட்டான். அதையும் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டால், ஒரு சீசன் என்று அவர் சொல்லிப் போனதற்கு வீட்டில் நான் மட்டுமே சாட்சி.

பழைய பஸ்

ஆனியில் பிரஸ்ஸில் வேலை நெருக்கியது. ஒரு நாள் அச்சுக்குப் போக வேண்டிய கடைசி ஃபாரத்தின் புரூஃப் முடியாமல் மத்தியானம் கிளம்ப முடியவில்லை. சண்முகத்தாய்க்குச் சொல்லிவிட்டேன். கதவைத் திறந்துவிடு, கொஞ்ச நேரம் கம்பைச் சுழற்று, நிறுத்த முடியாவிட்டால் கட்டிப் போட்டுவிடு என்று.

வேலை முடிந்து எனது பழைய சாயங்காலப் பஸ்ஸிலேயே திரும்பினேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தபோதுதான், இந்த வெளிச்சத்தில் இந்தப் பாதையைப் பார்த்து மாதங்கள் ஆகிவிட்டன என்று தோன்றியது. பூட்டிய யூனிட்டுகளின் சிவப்பு எழுத்துப் பலகைகள். ஆள் இல்லாத டீக்கடை பெஞ்சு. எங்கள் நிறுத்தம் நெருங்கியபோது, பழக்கத்தில் பாலத்தைப் பார்க்க எழுந்து நின்றேன். பிறகு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் பிரேக் போட்டது. மனையில் சண்முகத்தாய் கம்பை வைத்துக்கொண்டு திணறுவது தெரிந்தது. சாட்டை காற்றில் இருந்தான். தரையில் இறங்கியதும் சாக்கை அப்படியே வாயிலிருந்து விட்டான். திரும்பினான். ஓடவில்லை, நடந்தான். பாலத்துக்கு வந்து அதன் வலப்பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் ரோட்டைக் கடந்து வந்தேன். எழுந்து வந்து பையை முகர்ந்தான். ஸ்பூன் உருண்டது. என் முன்னால் நடந்து வீட்டுக்குள் போய், தொட்டித் தண்ணீரைச் சத்தமாகக் குடித்துவிட்டு, சிமெண்டுத் தரையில் நீளமாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

கம்பும் கையுமாக வந்தாள் சண்முகத்தாய். "என்னக்கா இது? இம்புட்டு நேரம் என்னப் போட்டு இழுத்தான். உங்களப் பாத்ததும் பெட்டிப்பாம்பா அடங்கிட்டான்!"

சங்கு ஊதவில்லை. சங்கு ஊதி எத்தனையோ நாளாயிற்று.

அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்பீக்கரில் சங்கு கேட்ட அன்று அவன் ரோட்டைப் பார்த்ததும், பிறகு என்னைப் பார்த்ததும் இப்போது புரிந்தன. சங்கு ஊதினால் நான் வருவேன். நான் வருவதால் விளையாட்டு முடியும். அன்றைக்கு அவன் ரோட்டைப் பார்த்தான், நான் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மனையிலேயே நிற்கிறேன். வர வேண்டியவளே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவன் எதற்காக நிறுத்துவான்?

அடுப்படி வழியாகப் போய்

மறுநாள் மத்தியானமே வந்துவிட்டேன். சாயங்காலம் விளையாடினோம். போதும் என்று தோன்றியபோது கம்பை வேப்பங்கிளையில் செருகினேன். தொங்கிய சாக்கை எட்டிப் பிடிக்க அவன் குதித்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி முந்தின நிறுத்தத்துக்கு நடந்தேன். அங்கிருந்து ரோட்டு வழியாக, வேலை முடிந்து வருகிறவள் மாதிரி வந்தேன்.

சாட்டை பார்த்தான். ஓடிவந்து சேலையைப் பிடித்து மனைக்கே இழுத்துப் போனான்.

என்ன தப்பு என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு கையைப் பார்த்தேன். வெறுங்கை.

அதற்கடுத்த நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். காலி டிபன் பாக்ஸில் ஸ்பூனைப் போட்டு எடுத்துக்கொண்டேன். சந்து வழியாகச் சுற்றி, நிறுத்தத்துக்குப் போய், திரும்பி வந்தேன். தூரத்திலேயே தெரிந்தது, பாலத்தின் வலப்பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த கறுப்பு உருவம்.

பையை முகர்ந்தான். வீட்டுக்குப் போனான். தண்ணீர் குடித்தான். படுத்தான்.

அன்றிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தேன். தெருவுக்கு அது பெரிய வேடிக்கை.

"என்னக்கா, இன்னைக்கு வேல ஜாஸ்தியா? அசந்து வாரீக!" என்பாள் சண்முகத்தாய்.

"ஆமா. பஸ்ல ஒரே கூட்டம்."

"எனக்கு அல்வா கில்வா வாங்கியாந்தீகளா?"

"கடை பூட்டிட்டான்."

"அவனுக்குத் தெரியாதா அக்கா? அடுப்படிக்குள்ள போனவுக ரோட்டுல வாரத அவன் பாக்கத்தான செய்யுறான்?"

பார்க்கத்தான் செய்தான். நான் அடுப்படிக்குள் நுழைந்தாலே குதிப்பதை விட்டுவிட்டுப் பாலத்துக்குப் போக ஆரம்பித்திருந்தான். அதை ஏமாற்று என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எங்கிருந்து கிளம்பினேன் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை, வந்தால் போதும்.

வேலுச்சாமி அண்ணாச்சி சொன்னபடி ஆனிக் கடைசியில் வந்தார். மோட்டார் சைக்கிளில் புதுக் கயிறு. என் வருகையைப் பாலத்தில் சாட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. நாய் தண்ணீர் குடித்துப் படுக்கும்வரை காத்திருந்தார்.

"தெனமும் இப்படியா தாயி?"

"தெனமும்தான்."

"மழைக்கு?"

"குடை பிடிச்சுக்கிட்டு வருவேன்."

கயிற்றைச் சுருட்டிப் பெட்டியில் போட்டார். "எங்கிட்ட இருந்தா இவனுக்கு எவன் இப்படி வருவான்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

சூரத்திலிருந்து

எல்லாவற்றையும் போனில் சொன்னேன்.

"அப்ப சங்கு இல்லையா?" என்றார்.

"இல்ல."

"நான் சங்குன்னுல்ல ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"நீங்க எதுக்குப் பாலத்துல உக்காந்தீக?"

"சங்கு ஊதுச்சு, உக்காந்தேன்."

"சங்கு ஊதுனா ஊர்ல எல்லாரும் பாலத்துலயா போயி உக்காருதாக?"

அவருக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கம்பெனியில் பெல் அடித்து நேரம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும்.

"நாளைக்கு ஒண்ணு செய்யி புள்ள" என்றார். "வீடியோ கால் போட்டுப் போன அந்தப் பாலத்துல வை. இடப்பக்கம்."

மறுநாள் விளையாட்டு முடிகிற நேரத்துக்குச் சண்முகத்தாய் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துப் போனை நிறுத்தினாள். "அண்ணே, தெரியுதா? ரோடு தெரியுதா?" என்று திரைக்குள் முகத்தை விட்டுக் கத்தினாள். "உன் மூக்கு தெரியுது, தள்ளும்மா" என்றார் அவர்.

நான் பையை மாட்டிக்கொண்டு அடுப்படி வழியாக உள்ளே போய், வாசலில் இறங்கி, சந்து வழியாகச் சுற்றினேன். கண்ணாடி பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். பிறகு நடந்தேன்.

வலப்பக்கத்தில் சாட்டை. இடப்பக்கத்தில் செங்கல்லில் சாய்ந்த போன். வெயில் பட்டு அதன் கண்ணாடி வெள்ளையாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அவர் பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. சொந்த ரோட்டில் எனக்கு நடை பின்னியது.

சாட்டை எழுந்து வந்து பையை முகர்ந்தான்.

"சத்தத்தையே காணோம். சோத்த மிச்சம் வச்சுட்டியா?" என்றது போன்.

பையை எடுத்துக் குலுக்கிக் காட்டினேன். "காலிதான். இப்பக் கேக்குதா?"

"ம்."

சாட்டை அன்றைக்குத் தண்ணீர் குடிக்க உள்ளே போகவில்லை. குரல் வந்த இடத்தைச் சுற்றி முகர்ந்துவிட்டு, போனுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். நான் பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். சண்முகத்தாய் ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போனாள்.

அப்போது சிவகாசிப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. சாட்டை தலையைத் தூக்கினான்.

"நம்ம பஸ்ஸா?" என்றார்.

"ஆமா."

"நிக்குதா?"

"நிக்குது."

"யாரு இறங்குறா?"

பஸ் நின்ற புழுதி அடங்கவில்லை. முன் படியில் யாரும் இல்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து விசில் அடித்தார்.

"யாரும் இறங்கல."

"பின்வாசல்ல பாரு" என்றார்.

பின்படியிலும் யாரும் இல்லாமல் பஸ் கிளம்பிவிட்டது. சாட்டை எழுந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.